போனை ஊஞ்சலில் கட்டினால் அடி ஏறுமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்கிறார்: "சிங்கப்பூரில் இருக்கும் மகன் என் போனில் அடி எண்ணும் செயலியைப் போட்டுக் கொடுத்து, தினமும் பத்தாயிரம் வரணும் என்கிறான். எனக்கு முட்டிவலி, 2,000 தாண்டுவதே பாடு. போன் பாதி நேரம் முகப்பில் சார்ஜில்தான் கிடக்கும். ஊஞ்சலில் கட்டி ஆட்டினால் ஏறிவிடும் என்கிறான் பேரன். ஏறுமா?"

வீட்டு ஊஞ்சலில் அவ்வளவாக ஏறாது ஆச்சி. போனுக்குள் இருக்கும் சிறு உணரிக்குக் கால் என்றால் என்னவென்றே தெரியாது, குலுக்கல் மட்டும்தான் தெரியும். நாம் நடக்கும்போது பாதம் தரையில் பதிகிற ஒவ்வொரு முறையும் உடம்பில் ஒரு சின்ன அதிர்வு வரும், அது நிமிடத்துக்கு 100, 120 என்று சீராக வந்தால் அதை நடை என்று எடுத்துக்கொள்ளும். ஒன்பதடிச் சங்கிலி ஊஞ்சல் ஒரு தடவை போய்த் திரும்பவே மூன்று விநாடிக்கு மேல் ஆகும், அது நடையின் தாளமே இல்லை. அதுவே ஒரு சாண் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால் விநாடிக்கு ஒருமுறை போய்வரும், கீழே வரும்போதெல்லாம் கயிறு ஒரு இழுப்பு இழுக்கும், ஆக நிமிடத்துக்கு 120 இழுப்பு. பல போன்கள் இதை நடை என்றே நம்பிவிடும்.

ஆனாலும் வேண்டாம். அம்மா நன்றாக நடக்கிறார் என்று மகன் அங்கே நிம்மதியாக இருப்பார், நாளைக்கு டாக்டரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முட்டி பரவாயில்லை என்று நினைத்துவிடலாம். அப்புறம், பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த அளவே கிடையாது. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்', அதிலிருந்துதான் இது பரவியது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் போனதில் கூடுதல் பலன் தெரியவில்லை.

எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்துவது அந்த முகப்புச் சார்ஜர்தான். முகப்பிலிருந்து நடு முற்றமுள்ள வளவைத் தாண்டி அடுப்படிக்கு நாளில் எத்தனை தடவை போகிறீர்கள்? தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் அதெல்லாம் நிஜமான நடை, போன் கூட வராததால் கணக்கில் விழவில்லை. ஒரு சுருக்குப்பையில் போனைப் போட்டு இடுப்பில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள், தொளதொளவென்று ஆடக்கூடாது. வாய்க்குள் எண்ணியபடி 100 அடி நடந்துவிட்டு எடுத்துப் பாருங்கள், 90-லிருந்து 110-க்குள் ஏறியிருந்தால் போதும்.

அதற்குமேல் வேண்டுமென்றால் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் வளவைச் சுற்றி வரலாம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமாக இருக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். முட்டி வீங்கினாலோ மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் இப்படி வைத்துப் பார்த்து, வருகிற எண்ணை, அது 3,500 ஆக இருந்தாலும் சரி, அப்படியே மகனிடம் சொல்லுங்கள் ஆச்சி.