கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

மகளின் பிறந்தநாளுக்கு எலி போன்ற செல்லப்பிராணியான சிரிய ஹாம்ஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மூன்று வாரம் ஆகிறது. பகலெல்லாம் மூலையில் சுருண்டு கிடக்கிறது; ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது. கையை விட்டால் மல்லாந்து கத்துகிறது, இரண்டு முறை கடித்தும் விட்டது. ஞாயிறுதோறும் கூண்டை ஃபினாயில் விட்டுக் கழுவி, புது மரத்தூள் போட்டுச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். துணை இல்லாமல் ஏங்குகிறதோ, இன்னொன்று வாங்கலாமா என்கிறாள் மகள்.

மாலதி, கோவை

அன்புள்ள மாலதி,

இன்னொன்று வேண்டவே வேண்டாம். சிரிய ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ரத்தக்களரிதான். ஜோடியாக வைத்தால்தான் வளரும் என்று கடைக்காரர் சொன்னால் காதில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

முதல் வேலை, ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்துவது. ஹாம்ஸ்டருக்குக் கண் மங்கல். மோப்பத்தால்தான் தன் வீட்டை அறிகிறது. விலாவின் இரு பக்கமும் உள்ள சுரப்பியைச் சுவரில் தேய்த்துத் தன் வாடையைப் பதித்து வைக்கிறது. நீங்கள் அதைத் துடைத்தெடுத்து, ஃபினாயில் நெடியோடு திருப்பிக் கொடுக்கிறீர்கள். அதைப் பொறுத்தவரை வாராவாரம் வேறு வீடு, அதுவும் விஷ நெடி அடிக்கும் வீடு. சிறுநீர் கழிக்க பெரும்பாலும் ஒரே மூலையைத்தான் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தை மட்டும் தினம் கரண்டியால் அள்ளுங்கள். மாதம் ஒருமுறை படுகையில், அதாவது கீழே பரப்பிய தூளில், மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். கூட்டைக் கலைக்காதீர்கள்.

கம்பி கடிப்பது ஏக்கத்தால் அல்ல, தோண்ட வழியில்லாததால். சிரியாவின் அலெப்போ வட்டார வயல்களில் இதன் வளை சராசரியாக 65 செ.மீ. ஆழம் போகும். கடைக் கூண்டில் இருப்பதோ இரண்டு விரல் மரத்தூள். 2006-இல் வந்த ஓர் ஆய்வில் 10, 40, 80 செ.மீ. படுகைகளில் வைத்துப் பார்த்தார்கள், 10 செ.மீ.யில் இருந்தவை 80 செ.மீ.யில் இருந்தவற்றைவிடக் கம்பியை அதிகம் கடித்தன.

ஆகவே கூண்டை மாற்றுங்கள். ஒழுகுகிறது என்று யாராவது தூக்கிப்போட்ட நாலடி மீன்தொட்டி கிடைத்தால் அதுவே நல்லது. மேலே கம்பிவலை மூடி. படுகை ஒரு பக்கம் 30 செ.மீ.க்குக் குறையாமல், மறுபக்கம் சரிவாக. வெறும் மரத்தூளில் வளை நிற்காது. தச்சுப்பட்டறைத் தூள் வேண்டாம்: மூக்கில் ஏறும், பிளைவுட் பசையும் கலந்திருக்கும். அச்சில்லாத காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து, முயலுக்கு விற்கும் உலர்புல்லோடு கலந்து, நாலு விரல் உயரம் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. அழுத்தாவிட்டால் சுரங்கம் இடியும். மெத்தென்று இருக்கட்டுமே என்று பஞ்சு வைக்காதீர்கள், காலில் சுற்றி இறுக்கிவிடும். அது ஓடுவதற்கு வைக்கும் சக்கரம் 28 செ.மீ. குறுக்களவாவது இருக்க வேண்டும், ஓடும் தளம் கம்பியாக இல்லாமல் அடைப்பாக. சிறிய சக்கரத்தில் முதுகு வளைந்தே ஓடும்.

கண்ணாடித் தொட்டியில் வெக்கை தேங்கும். அறை 30 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு டைல்ஸ் துண்டைக் குளிரவைத்து உள்ளே போடுங்கள்.

பழைய படுகையையும் கூட்டையும் அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் தீனி, தண்ணீரோடு விட்டுவிடுங்கள். கை பழக்குவது அதற்குப் பிறகு.

தூங்குவதை எழுப்பக் கூடாது. இருட்டியபின் தானாக வெளியே வரட்டும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. மல்லாந்து கத்துவது அதனால்தான். மகள் கையில் கசக்கிய டிஷ்யூவைக் கிழித்துக் கூட்டருகே போடட்டும். அதை உள்ளே இழுத்துக்கொண்டால் அவள் வாடை பழகுகிறது என்று கொள்ளலாம். பிறகு கையைக் கழுவிவிட்டு, படுகையோடு படுகையாக உள்ளங்கையை வைத்து ஒரு பூசணி விதை. முதலில் பின்னங்காலைப் படுகையிலேயே ஊன்றி, உடம்பை மட்டும் நீட்டி விதையைப் பறித்துக்கொண்டு ஓடும். நான்கு காலும் கையில் ஏறி, அங்கேயே உட்கார்ந்து தின்னும்வரை விரலை மடக்கக் கூடாது. வெளியே எடுக்க ஒரு குவளையைச் சாய்த்து வையுங்கள், தானே நுழையும். மகள் தரையில் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும். இதற்கு உயரம் தெரியாது, குதித்துவிடும்.

நிதானமாக முகம் துடைத்தால், சோம்பல் முறித்தால் பயமில்லை என்று பொருள். கன்னப்பையில் அடைத்ததைக் கொட்டிவிட்டு ஓடினால் மிரண்டிருக்கிறது, அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். வாலடி நனைந்து பேதி கண்டால் அது பயமல்ல, நோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.