பழைய டோபோஷீட்டும் புதிய ஜி.பி.எஸ்ஸும்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர்: சர்வே வகுப்பெடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு சிறு கோயில் இருந்ததாம். இப்போது சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. சர்வே துறையின் பழைய 58 ஜே டோபோஷீட்டில் (நிலவரைபடத் தாளில்) கோயில் குறி தெளிவாக இருக்கிறது. அதிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகையை அளந்து கைப்பேசியில் போட்டால் வயலுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறது. வரைபடம் தப்பா, போன் தப்பா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: இரண்டும் சரி. இரண்டையும் கலந்ததுதான் தப்பு.

உங்களிடம் உள்ள தாள் எவரெஸ்ட் டேட்டத்தில் வரைந்தது. டேட்டம் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தக் கோளத்தின்மேல், எங்கிருந்து தொடங்கி எண்ணுவது என்கிற ஏற்பாடு. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, எவரெஸ்ட் 1830 என்கிற நீள்கோளத்தின்மேல் (பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும், துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டை) கணக்கிட்டார்கள். கைப்பேசி பேசுவதோ ஜி.பி.எஸ்ஸின் டேட்டமான டபிள்யூ.ஜி.எஸ். 84. எவரெஸ்ட் கோளம் இந்தியாவுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. இங்கே கச்சிதமாகப் பொருந்தும். அதற்காக அதன் மையம் பூமியின் மையத்தை விட்டு 800 மீட்டருக்கும் மேல் விலகிப் போயிற்று. புதியது உலகம் முழுவதற்கும் பொது என்பதால் பூமியின் மையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே கோயிலுக்கு இரண்டு எண்கள் வருவது இதனால்தான்.

புதுக்கோட்டைப் பக்கம் இந்த வித்தியாசம் எவ்வளவு? தாளில் படித்த அட்சரேகையோடு சுமார் 5.8 விநாடியைக் (ஒரு டிகிரிக்கு 3,600 விநாடி) கூட்டுங்கள். தீர்க்கரேகையிலிருந்து சுமார் 4.8 விநாடியைக் கழியுங்கள். கூட்டாமல் கழிக்காமல் அப்படியே போனில் போட்டால், குண்டூசி உண்மையான இடத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 230 மீட்டர் தள்ளி விழும். உங்கள் வயல் கண்மாய்க்குத் தென்கிழக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். 1:50,000 தாளில் அது நாலரை மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

இந்த எண்ணை டில்லியில் உள்ள மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அங்கே வடக்கு தெற்கில் வித்தியாசம் அநேகமாக இல்லை. கிழக்கு மேற்கில் மட்டும் 125 மீட்டர் வாக்கில் வரும். கோள மையத்தின் நகர்வு ஒன்றேதான். கணக்குகளில் அதை எக்ஸ் அச்சில் 295, ஒய்யில் 736, இசட்டில் 257 மீட்டர் என்று போடுவார்கள். ஆனால் நீங்கள் பூமியில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது வேறு வேறு திசையில் இழுக்கும். 'இந்தியாவுக்கு இவ்வளவு மீட்டர்' என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

கூட்டுமுன் தாளின் ஓரக் குறிப்பைப் படித்துவிடுங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுமக்களுக்கான ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-லேயே இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் சரியான எண்ணையும் கெடுத்துவிடுவீர்கள்.

அப்புறம், மேலே சொன்ன எக்ஸ், ஒய், இசட் எண்களுக்கே 20 மீட்டர் போலப் பிசகு உண்டு. அதற்கும் கிட்டப் போக வேண்டுமானால் தாளில் இருப்பதும் இன்றும் மாறாததுமான நாலைந்து இடங்களைப் பிடியுங்கள்: கோபுரம், ரயில் பாலம், பழைய சாலைச் சந்திப்பு. அங்கெல்லாம் நேரில் போய் நின்று போனில் எண்களைக் குறித்து, தாளின் எண்களோடு ஒப்பிட்டால் உங்கள் வட்டாரத்துக்கான வித்தியாசம் கிடைத்துவிடும். தாளைக் கணினியில் பொருத்துபவர்கள் நான்கு மூலைகளுக்கும் அச்சிட்ட டிகிரிகளைக் கொடுத்துவிட்டு, டேட்டம் கேட்கும் இடத்தில் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐத் தட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த தப்புகளில் பாதி அந்த ஒரு கிளிக்தான்.

கேள்வி: அப்படியானால் வெள்ளைக்காரன் அளந்தது தப்பு என்றுதானே ஆகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. இந்தியாவை அளக்கும் பெரும் சர்வேயைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை (மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான கோட்டை) நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கில் எடுத்தவர் அவர். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை உங்கள் ஊர்ப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போதுதான் 1808-இல் கயிறு அறுந்து இடித்துச் சேதமாயிற்று. அதைச் செப்பனிட்டு மறுபடி அளந்தார். ஊருக்கு ஊர் தூரமும் கோணமும் நன்றாகவே வந்தன. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் பூமியின் மையம் எங்கே என்று பார்க்க மட்டும் வழியில்லை. தூக்குக்குண்டு காட்டிய செங்குத்தை நம்பித்தான் கோளத்தைப் பொருத்தினார்கள். குண்டையோ அக்கம்பக்கத்து மலையும், தரைக்கடியில் உள்ள கனமான பாறையும் இழுக்கும்.

எவரெஸ்ட் என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. இந்திய அடியை மீட்டராக மாற்றியதில் வந்த வேறுபாட்டால் கோளத்தின் ஆரம் ஒன்றில் 63,77,276 மீட்டர், இன்னொன்றில் 63,77,301 மீட்டர். மென்பொருளில் 'எவரெஸ்ட்' என்று கண்டதும் முதல் வரியைத் தேர்வு செய்யாதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த டி.ஜி.பி.எஸ். (துல்லிய ஜி.பி.எஸ்.) கருவி எங்கள் உப்பளத்தில் உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டுகிறது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம். அது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரமே அல்ல, நீள்கோளத்திலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவு. அங்கே கடல்மட்டமே கோளத்துக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்தில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். நீங்கள் அதன் ஓரத்தில் இருக்கிறீர்கள். கருவியில் ஜியாய்டு மாதிரியை (கடல்மட்டம் கோளத்திலிருந்து எங்கே எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கை) ஏற்றினால் எண் ஒழுங்காகிவிடும். ஆனால் வடிகால், வாய்க்கால் வேலைக்கு அதை மட்டும் நம்பாமல் பக்கத்தில் உயரம் குறித்துவைத்த பெஞ்ச் மார்க்கிலிருந்து லெவல் எடுத்துச் சரிபாருங்கள். நம் பெஞ்ச் மார்க்குகளின் ஆதாரம் நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் அளந்த சராசரிக் கடல்மட்டம்.

கேள்வி: எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படத்தையும் இப்படி ஜி.பி.எஸ்ஸுக்கு மாற்றலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எஃப்.எம்.பி.யில் மாற்றுவதற்கு அட்சரேகையே கிடையாது. கல்லுக்குக் கல் ஜி லைன் என்கிற அளவுக் கோடு, அதிலிருந்து செங்குத்தாக ஆப்செட் என்கிற பக்க அளவு, அவ்வளவுதான். எவரெஸ்ட்டுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. முதலில் தரையில் கற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஊர் எல்லை முச்சந்திக் கல் கிடைத்தால் ரொம்ப நல்லது. பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு என்றால் போன் ஆப்பை நீட்டாமல், பணம் கட்டி அரசு சர்வேயரைக் கூப்பிடுங்கள்.