கூடைப்பந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிளப் அணியில் ஆறடியைத் தாண்டியவர் யாருமில்லை. ஆனால் மூன்று ஃபார்வர்டுகள் ட்ரிப்பிள், பாஸ், ஷாட் மூன்றிலும் கைதேர்ந்தவர்கள். ஃபாஸ்ட் பிரேக்கில் பாயிண்ட் எடுத்துவிடுகிறோம். எதிரணி திரும்பி ஓடி ரிங்குக்கு அடியில் நின்றுவிட்டால் ஆட்டம் நின்றுபோகிறது. பந்தை நடத்தி வரும் கார்டு அதைத் தட்டிக்கொண்டே இருப்பான், ஷாட் எடுக்க உள்ள 24 வினாடியும் ஓடிவிடும். பாலக்காடு பக்கத்து உயரமான அணிகளோடு ஆடும்போதெல்லாம் இதே நிலைதான். என்ன செய்யலாம்?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: பந்தை ஃபார்வர்டிடம் கொடுத்து ஆட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள். இடம், ரிங்குக்கு முன்னுள்ள கட்டத்தின் மேல்கோடான ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை, அதாவது எல்போ. அங்கிருந்து ரிங் ஏறத்தாழ 4.9 மீட்டர். அதே பக்கத்து கார்னர் 6 மீட்டர் சொச்சம். ஷாட், டிரைவ், பாஸ் மூன்றுக்கும் வசதியான இடம் மைதானத்தில் அதைப்போல வேறில்லை. உங்கள் ஃபார்வர்டுக்கு அங்கிருந்து ஷாட் விழும் என்று தெரிந்தால் எதிரணியின் உயரமான ஆள் வெளியே வந்தே ஆக வேண்டும். அவர் வந்தால் ரிங்குக்கு அடியில் காவல் இல்லை.

நடுவில் கார்டு, இரண்டு எல்போவிலும் இரண்டு ஃபார்வர்டு, இடது கார்னரில் மூன்றாவது ஃபார்வர்டு, வலது கார்னரில் நல்ல ஷூட்டர். 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் 5 வினாடியில் தாண்டி, கடிகாரத்தில் 17 இருக்கும்போதே பந்தை வலது எல்போவுக்குக் கொடுத்துவிடுங்கள். பந்தைப் பிடிப்பவர் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றிப் பிடிக்கட்டும். அப்போதுதான் எந்தக் காலிலும் திரும்பலாம். பிடித்ததும் ரிங்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். முதுகைக் காட்டி நின்றால் இந்தத் திட்டத்தில் பாதி போய்விட்டது.

பாஸ் கொடுத்த கார்டு நிற்கக் கூடாது. ஃபார்வர்டின் வெளிப்பக்கத் தோளை உரசிக்கொண்டு, பந்தைக் கையோடு வாங்குவதுபோல ஓட வேண்டும். கார்டைக் காவல் காக்கும் எதிரணி ஆள் பின்னாலேயே துரத்தி வந்தால், பந்தை வாங்கி வளைந்து ரிங்குக்குப் போகலாம். அவர் ஃபார்வர்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தால், வாங்கிய இடத்திலேயே நின்று ஷாட். வாங்கவிடாமல் முன்னால் மறித்து நின்றால், அவர் முதுகுக்குப் பின்னால் நேராக ரிங்குக்கு வெட்டி ஓட வேண்டும். ஃபார்வர்டு, தரையில் தட்டி எழும்பும் பவுன்ஸ் பாஸ் தருவார். உயரமான அணிகள் பவுன்ஸ் பாஸுக்குக் குனிவதற்குள் பந்து போய்விடும்.

இதே நேரத்தில் மறுபக்கம் இடது எல்போ ஃபார்வர்டு ரிங்கை நோக்கி இறங்க, இடது கார்னரில் இருப்பவர் 45 டிகிரி இடத்துக்கு, அதாவது கார்னருக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஓரத்துக்கு, ஏற வேண்டும். இந்த ஏற்றத்தைத்தான் பெரும்பாலான அணிகள் மறக்கின்றன. அவர் கார்னரிலேயே நின்றால் அவருடைய காவலாளி இரண்டே எட்டில் ரிங்குக்கு அடியில் வந்துவிடுவார், இறங்கிய ஃபார்வர்டு இருவருக்கு நடுவில் சிக்கிக்கொள்வார்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கையோடு கொடுக்கும்போது ஃபார்வர்டு இடுப்பைத் தள்ளிக் காவலாளியை இடிப்பது. நடுவர் விசில் ஊதுவார், அஃபென்ஸ் ஃபவுல். கார்டு நெருங்குவதற்கு முன்பே ஃபார்வர்டின் இரு காலும் தரையில் பதிந்திருக்க வேண்டும். அவர் பந்தைத் தூக்கிப் போடவும் கூடாது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து நீட்டிப் பிடிக்க வேண்டும், வந்தவரே எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, எதிர் கார்னருக்குத் தூக்கிப் போடும் பாஸ். எல்போவிலிருந்து அது 10 மீட்டருக்கு மேல். மிதந்து போகும் பந்தை உயரமானவர்கள் விடமாட்டார்கள். 45 டிகிரியில் இருப்பவர் வழியாக இரண்டு பாஸில் போகட்டும்.

மூவரில் யாரை எல்போவில் நிறுத்துவது? அதிகமாக ஸ்கோர் செய்பவரை விட, இடது கையாலும் பாஸ் கொடுக்கத் தெரிந்தவரை நிறுத்துங்கள். அமெரிக்க என்.பி.ஏ. லீக்கின் கோல்டன் ஸ்டேட் அணியில், ஷூட்டர் கர்ரியை இருவர் மறிக்கும்போது பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே டிரேமண்ட் கிரீனிடம் போகும். அங்கிருந்து நாலு பேருக்கு மூன்று பேர் ஆட்டம். கிரீன் பெரிய ஸ்கோரர் இல்லை. ஆனால் பிடிக்கும் முன்பே எங்கே கொடுப்பது என்று பார்த்து வைத்திருப்பார்.

கேள்வி: ஆளுக்கு ஆள் காவல் காக்கும் மேன் டு மேன் அணியிடம் இதெல்லாம் சரி. முன்னால் இருவர், பின்னால் மூவராக இடத்தைக் காக்கும் 2-3 சோனில் நிற்பவர்களிடம் என்ன செய்வது?
(வாசகர், குப்பம்)

பதில்: கையோடு கொடுப்பதை மறந்துவிடுங்கள். சோனில் துரத்தி வர ஆளில்லை, அதனால் பலனும் இல்லை. ஒரு ஃபார்வர்டை ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் வையுங்கள். இன்னொருவரை எண்ட் லைன் ஓரம், கட்டத்துக்கு வெளியே ஒரு எட்டு தள்ளி, சோனுக்குப் பின்னால் வையுங்கள். கோடும் கட்டத்தைச் சேர்ந்ததுதான். மிதித்து நின்றால், கட்டத்துக்குள் நிற்க அனுமதியுள்ள 3 வினாடி எண்ணத் தொடங்கிவிடும். பந்து நடுவுக்கு வந்ததும் சோனின் நடு ஆளை மட்டும் பாருங்கள். அவர் ஏறி வந்தால் பின்னால் இருப்பவருக்குப் பாஸ், வராவிட்டால் ஷாட். ஓர ஆள் பின்னால் இருப்பவரிடம் நெருங்கினால் அந்தப் பக்கத்துக் கார்னர் காலி.

கேள்வி: எங்கள் பள்ளி சிமெண்ட் மைதானத்தில் கட்டம் கீழே அகன்று, மேலே குறுகி இருக்கிறது. எல்போ எது?
(வாசகி, மூணாறு)

பதில்: அது 2010க்கு முந்தைய கோடு. அதில் ஃப்ரீ த்ரோ கோடு 3.6 மீட்டர்தான், இப்போது கட்டம் 4.9 மீட்டர் அகலமுள்ள செவ்வகம். கோட்டின் நடுவிலிருந்து இருபுறமும் 2.45 மீட்டர் டேப் பிடித்து சாக்பீஸால் குறியுங்கள். மூன்று பாயிண்ட் கோடும் பழையதாகவே, 6.25 மீட்டரில் இருக்கும். 6.75க்குப் புதிதாக வரையுங்கள். கார்னரில் அது பக்கக்கோட்டிலிருந்து 90 செ.மீ. தள்ளி வரும். அந்த 90 செ.மீட்டருக்குள் ஷூவை வைத்து நின்று பழகாத மாணவிகள் போட்டியில் பந்தைப் பிடிக்கும்போது ஒரு எட்டு பின்வாங்கிப் பக்கக்கோட்டை மிதித்துவிடுவார்கள், பந்து எதிரணிக்குப் போய்விடும்.