பிரிட்டனில் மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலையில் 33-ல் போனால் அபராதம் வருமா?

சட்டப்படி 31-ல் போனாலே குற்றம்தான். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸுக்கு ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. வேக வரம்போடு அதில் பத்து சதவீதத்தையும், அப்புறம் இன்னொரு 2 மைலையும் கூட்டிக்கொள்வார்கள். அதன்படி 30 மைல் சாலையில் 35, 70 மைல் வரம்புள்ள மோட்டார்வேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) 79 என்று காட்டினால்தான் பெரும்பாலும் நடவடிக்கை. ஆகவே 33-க்கு நோட்டீஸ் வர வாய்ப்பு குறைவு.

30 மைல் சாலையில் 35 முதல் 42 வரை என்றால், கடந்த மூன்று ஆண்டுகளில் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகாதவருக்கு வழக்கமாக அந்த வகுப்பு கிடைக்கும். அதற்கு மேல் 100 பவுண்டு அபராதம், லைசென்சில் 3 தண்டனைப் புள்ளி. 50-ஐத் தொட்டால் நேராகக் கோர்ட்தான்.

ஆனால் இந்தச் சலுகையை உரிமையாக நினைத்துவிடாதீர்கள். அதிகாரியின் சொந்த முடிவுக்கு இது தடையல்ல என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. கேமராவுக்கு எண் மட்டும்தான் தெரியும். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரருக்கோ பள்ளி விடும் நேரம், மழை, நடைபாதையில் நெருக்கியடிக்கும் பிள்ளைகள் எல்லாம் தெரியும். அங்கே 33-க்கே அவர் நிறுத்தலாம். காலியான சாலையில் எச்சரித்து அனுப்பவும் செய்யலாம். என்னைக் கேட்டால், அப்படித்தான் இருக்க வேண்டும்.