ஒழுகும் தளத்தை வெள்ளையடித்து மறைக்கலாமா?

கேள்வி: அப்பா கட்டிய வீட்டை விற்கிறேன். கிரய ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். பின்னறையின் கான்கிரீட் தளம் மழைக்காலத்தில் ஒழுகும். கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில் சென்ற ஆண்டு ஒட்டுப்போட்டேன். இதை வாங்குபவரிடம் சொல்லவில்லை. அவருடைய வீட்டுக்கடனுக்காக வங்கி மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வருகிறார். "வெள்ளையடித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள், வங்கியே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு உங்களை யார் கேட்க முடியும்?" என்கிறார் தரகர். கிரயப் பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: இல்லை. தரகர் சொல்கிறபடி செய்தால் இன்று உங்களிடம் இருக்கும் சிறிய சிக்கல் நாளை வழக்காகிவிடும்.

மதிப்பீட்டாளர் வருவது வங்கிக்காக. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பதே அவர் வேலை. மனையின் அளவு, கட்டடப் பரப்பு, வயது, அனுமதி வரைபடம், சந்தை மதிப்பு ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்வார். பூச்சைத் தட்டிக் கம்பியைப் பார்க்கமாட்டார். அவருடைய அறிக்கை வாங்குபவர் கைக்கு வராமலேயே போகலாம். அந்த அறிக்கையில் ஒழுகலைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது.

உங்கள் கடமை வாங்குபவரிடம்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55(1)(a) பிரிவின்படி, உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை நீங்களாகவே சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. அவர் கேட்கும் கேள்விகளுக்கு அறிந்தவரை பதில் சொல்ல வேண்டும் என்கிறது அதே பிரிவின் 55(1)(c).

வெள்ளையடிப்பதுதான் இதில் மிக ஆபத்தானது. சும்மா இருந்துவிட்ட விற்பனையாளருக்கு ஒப்பந்தச் சட்டம், 1872 ஒரு சிறு வழி வைத்திருக்கிறது: வாங்குபவர் சாதாரண முயற்சியில் உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால், மௌனத்தைக் காட்டி அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு. சுவரில் கறை பளிச்சென்று தெரிந்திருந்தால் நீங்கள் இப்படி வாதாடியாவது பார்க்கலாம். அந்தக் கறையை மறைக்கவே சுண்ணாம்பு பூசினால் அது வெறும் மௌனம் அல்ல. 17-ஆம் பிரிவு சொல்லும் 'தெரிந்தே மறைத்தல்'. அதற்கு இந்த விதிவிலக்கு உதவாது. விற்கும் முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தவறில்லை. ஒழுகும் அறையை மட்டும் மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்தினம் அடித்தால் நீதிமன்றம் அதை எப்படிப் பார்க்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

'உள்ளது உள்ளபடி' என்ற வரி கண்ணுக்குத் தெரிந்த பழமைக்கு ஓரளவு பயன்படும். தெரிந்தே மறைத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்று நம்பாதீர்கள். காலம் கடந்தால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. வழக்குத் தொடுக்க மூன்றாண்டு வரம்பு இருக்கிறது. ஆனால் மோசடி நடந்திருந்தால் அது வெளிப்பட்ட நாளிலிருந்தோ, தக்க முயற்சியில் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் காலவரையறைச் சட்டம், 1963-இன் 17-ஆம் பிரிவு கணக்கிடும்.

ஆகவே மதிப்பீட்டாளர் வரும் முன்பே வாங்குபவருக்குக் கடிதம் எழுதுங்கள். எந்த அறை, எப்போது ஒழுகும், என்ன பழுது பார்த்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். செலவுக்கான ரசீது இருந்தால் நகல் இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கிரயப் பத்திரத்திலும் அந்தக் குறையை, பொதுவான சொற்களில் இல்லாமல், பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். மதிப்பீட்டாளர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பொய் சொல்லிக் கடன் கிடைக்கச் செய்தால் வங்கி குற்றவியல் புகார் கொடுக்கவும் இடம் உண்டு.

கடிதம் கண்டதும் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஒப்பந்தத்தைக் கைவிட்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும் கூடும். முன்பே சொல்லாததால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு கட்டடப் பொறியாளரிடம் பழுதுச் செலவுக்கு மதிப்பீடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாங்குபவர் மனத்தில் தோன்றும் தொகையைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். விலைக் குறைப்புக்கு இருவரும் ஒத்துக்கொண்டால், அதைத் துணை ஒப்பந்தமாக எழுதி, வங்கிக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.