பிரிட்டிஷ் சீரியலில் நடித்தால் இளம் நடிகர்களுக்கு அடுத்த வாய்ப்பு வருமா?

வரும், ஆனால் தானாக வராது. உதாரணமாக, நான் ஆர்வத்தோடு கவனித்து வரும் நடிகை ரோஸ் அய்லிங்-எல்லிஸைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர். 2020-இல் பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் பிராங்கி லூயிஸ் என்ற பாத்திரத்தில் வந்தார். காது கேளாத பாத்திரத்தைக் காது கேளாத நடிகையே செய்தது அங்கே சாதாரண விஷயமில்லை.

1985 முதல் ஓடும் தொடர் அது. வாரத்துக்குப் பல எபிசோடு. வசனத்தை வேகமாக மனப்பாடம் செய்து, ஓரிரு டேக்கில் முடித்தாக வேண்டும். நடிப்புக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி குறைவு என்பேன்.

அவரை நாடே அறிந்தது 2021-இல், ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்ற பிபிசி நடனப் போட்டியில் வென்றபோதுதான். தன் நடன ஜோடி ஜியோவானி பெர்னிசியோடு ஆடிய ஒரு நடனத்தின் நடுவே இசையை நிறுத்தி, மௌனத்திலேயே தொடர்ந்து ஆடினார்கள். பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது அந்தத் தருணத்துக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டும் குரல் கொடுத்தார். 2022-இல் சட்டம் வந்தது.

அதே ஆண்டு, கையில் இருந்த நிரந்தர வேலையான ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரை விட்டு விலகினார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. நெடுநாள் ஒரே பாத்திரத்தில் இருந்தால் இயக்குநர்களும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் மேடைக்குப் போய் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சீலியாவாக நடித்தார். 2025-இல் ஐடிவி சேனலின் ‘கோட் ஆஃப் சைலன்ஸ்’ தொடரில் அவரே நாயகி: உதட்டசைவைப் படித்துப் போலீசுக்கு உதவும் கேன்டீன் ஊழியர்.