கரடி வேட்டைக்கு டிரெயில் கேமரா: எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் வசந்த காலக் கறுங்கரடி வேட்டைக்குச் செல்கிறேன். தீனி வைக்கும் இடத்துக்கு எந்தக் கரடிகள் வருகின்றன என்று முன்கூட்டியே அறிய டிரெயில் கேமரா (மரத்தில் கட்டிவைத்தால் விலங்கின் அசைவை உணர்ந்து தானே பதிவு செய்யும் கேமரா) வாங்க வேண்டும். கடையில் அதிக மெகாபிக்சல் உள்ளதையும், படங்களைக் கைப்பேசிக்கே அனுப்பும் செல்லுலார் வகையையும் பரிந்துரைக்கிறார்கள். எது சரி?

பதில்: மெகாபிக்சல் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பல மாதிரிகளில் அந்த எண், சிறிய சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் பெரிதாக்கிக் காட்டும் கணக்கு மட்டுமே.

உங்களுக்கு முதன்மையாக வேண்டியது நல்ல காணொளி. ஒன்ராறியோவில் மே 1 முதல் ஜூன் 15 வரையிலான வசந்தப் பருவத்தில் குட்டியையோ குட்டிகளுடன் உள்ள பெண் கரடியையோ கொல்வது சட்டவிரோதம். தாயை இழந்து தவிக்கும் குட்டிகளைப் பற்றிய கவலையால்தான் 1999இல் இந்தப் பருவ வேட்டையே நிறுத்தப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தாய்க்கரடி குட்டிகளை அருகிலுள்ள மரத்தில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தீனிக்கு வருவதுண்டு என்பதால், ஒற்றைப் படத்தில் அது தனிக் கரடியாகவே தெரியும். அரை நிமிடமாவது ஒலியுடன் பதிவு செய்து, அடுத்த அசைவுக்கு உடனே மீண்டும் இயங்கும் கேமராவில் குட்டிகள் பின்னால் வருவதும் அவற்றின் குரலும் பதிவாக வாய்ப்பு அதிகம். ஒரு வேட்டைக்காரர் இந்தக் கருவியால் பெறக்கூடிய மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆனால் காணொளியில் குட்டி தெரியவில்லை என்பதற்காகக் குட்டியே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுடும் முன் நேரிலும் பொறுமையாகக் கவனிக்க வேண்டும்.

செல்லுலார் வகைக்கு மாதச் சந்தா உண்டு. வடக்கின் பெரும் காட்டுப் பகுதிகளில் கைப்பேசிச் சமிக்ஞையே கிடைப்பதில்லை. ஆகவே கேமரா வைக்கப்போகும் இடத்திலேயே சமிக்ஞை கிடைக்கிறதா என்று சோதித்த பிறகு வாங்குங்கள். கிடைத்தால் அது நல்ல தேர்வுதான், ஏனெனில் படங்கள் பதிவாகும் நினைவக அட்டையை எடுக்க அடிக்கடி சென்று மனித வாடையை விட்டுவர வேண்டியதில்லை.

மீதமாகும் பணத்தில் எஃகுக் காப்புப்பெட்டி வாங்குங்கள். கரடிகள் புதிய வாடையுள்ள பிளாஸ்டிக்கைக் கடித்தும் பிடுங்கியும் பார்க்கும்; தீனி தொட்ட கையால் கேமராவைத் தொட்டால் சேதம் நிச்சயம். மே மாத இரவுக் குளிரைச் சாதாரண ஆல்கலைன் பேட்டரியைவிட லித்தியம் பேட்டரி நன்றாகத் தாங்கும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சில இரவுகள் வீட்டுக்கு வெளியே ஓடவிட்டு, இருட்டில் நகரும் உருவம் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள்.